கடைசியாக வீடு திரும்புகிறவரை வைத்து ஊரைத் தேர்ந்தெடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவருக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும். எனக்கு வேலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியர் பணி. மாலை ஷிஃப்ட் முடிந்து வெளியே வர இரவு ஒன்பது மணி ஆகிவிடும் என்கிறார்கள். மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், மகனை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். சர்க்கரை நோயுள்ள என் மாமியாரும் எங்களுடன் வருகிறார். காட்பாடி, சத்துவாச்சாரி, ஆற்காடு, வாலாஜாபேட்டை, குடியாத்தம் என்று ஆளுக்கு ஓர் ஊரைச் சொல்கிறார்கள். குடும்பத்தோடு பயமில்லாமல் வாழ இவற்றில் எது ஏற்றது? முடிந்தால் ஓரிரு ஆண்டுகளில் அங்கேயே மனை வாங்கும் எண்ணமும் இருக்கிறது.
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் கேள்விக்கான விடையின் பாதி, 'இரவு ஒன்பது மணி' என்று நீங்கள் எழுதியுள்ள இடத்திலேயே இருக்கிறது. எந்த ஊர் நல்ல ஊர் என்று பொதுவாகக் கேட்டால் ஒவ்வொருவரும் தாம் பிறந்த ஊரையோ, தம் மகளைக் கட்டிக்கொடுத்த ஊரையோ சொல்வார்கள். வீட்டில் எல்லாருக்கும் பிந்தித் திரும்புகிறவர் யார், அவர் பேருந்தை விட்டு இறங்கிய இடத்திலிருந்து வாசற்படி வரை எப்படி வந்து சேர்வார் என்று கேட்டுப் பார்த்தால், ஐந்து ஊர்கள் தாமாகவே இரண்டாகக் குறைந்துவிடும். உங்கள் வீட்டில் பல நாள்களில் அந்தக் கடைசி ஆள் நீங்கள்தான். உங்கள் கணவர் இரண்டாவது ஷிஃப்ட் பார்க்கும் வாரங்களில் நீங்கள் வரும்வரை பிள்ளைகளும் முதியவரும் தனியாக இருப்பார்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

முதலில் ஊர்களின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வேலூர் நகரம், மேல்விஷாரம், ஆற்காடு ஆகியவை பாலாற்றின் தென்கரையிலும், காட்பாடி, ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை ஆகியவை வடகரையிலும் இருக்கின்றன. தென்கரை வழியாகச் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையும், வடகரையில் காட்பாடியிலிருந்து திருவலம் வழியாகச் சிப்காட் பக்கம் செல்லும் சாலையும் உங்கள் இருவரின் வேலையிடங்களையும் இணைக்கின்றன. எனவே காட்பாடியில் குடியிருந்தால் நீங்கள் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து சிறிது தொலைவில் வேலூரை அடைவீர்கள். அவர் எதிர்த் திசையில் திருவலம் வழியாகச் சென்றுவிடலாம். குடியாத்தம் நெசவும் தீப்பெட்டித் தொழிலும் தழைத்த, குடும்பங்கள் நிறைந்த நல்ல ஊர்தான். ஆனால் அது வேலூருக்கு மேற்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால், உங்கள் கணவர் இரவு பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்து இரு சக்கர வண்டியில் ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் வர வேண்டியிருக்கும். அந்த ஊரை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

காட்பாடியை நான் முதலில் வைப்பதற்குத் தொலைவு மட்டும் காரணமில்லை. வேலூருக்கும் காட்பாடிக்கும் இடையே டவுன் பஸ்களும் ஷேர் ஆட்டோக்களும் இரவிலும் ஓடுகின்றன. ரயில் சந்திப்பும் பல்கலைக்கழகமும் இருப்பதால் முக்கியச் சாலையில் ஆள் நடமாட்டம் சீக்கிரம் அடங்குவதில்லை. 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் உங்கள் போக்குவரத்துச் செலவும் பெரும்பாலும் மிச்சமாகும். தனியார் டவுன் பஸ்ஸில் ஏறினால் மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டும். காந்தி நகர்ப் பகுதியில் பணி ஓய்வு பெற்றவர்களும் ஆசிரியர்களும் நெடுநாளாகக் குடியிருக்கிறார்கள். பகலில் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் தெருவில் பலர் இருப்பது, பள்ளி விட்டு வரும் உங்கள் மகளுக்கு எந்தக் கண்காணிப்புக் கேமராவையும்விடப் பெரிய துணை. உங்கள் மாமியாருக்கும் பேச்சுத் துணை கிடைக்கும். குறையென்றால், பல்கலைக்கழகத்தை நெருங்க நெருங்க வாடகை ஏறுகிறது. வீடுகள் மாணவர் அறைகளாகப் பிரிக்கப்பட்டுக் குடும்பங்கள் குறைகின்றன. காட்பாடியிலேயே உள்ள சித்தூர் பேருந்து நிலையத்திலிருந்து ரயில் நிலைய மேம்பாலம் வரையுள்ள நெரிசலும் காலை நேரத்தில் பொறுமையைச் சோதிக்கும். அந்த மேம்பாலம் 2022-இல் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டபோது இரு பக்க மக்களும் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆகவே பிள்ளைகளின் பள்ளியும் உங்கள் வீடும் தண்டவாளத்தின் ஒரே பக்கத்தில் அமையும்படி பாருங்கள்.

சத்துவாச்சாரி எனது இரண்டாவது தேர்வு. மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் உள்ள வேலூர் நகரப் பகுதி அது. தெருக்கள் ஓரளவு அகலமானவை. ராணிப்பேட்டைப் பக்கம் போகிற பேருந்துகளும் அவ்வழியேதான் செல்கின்றன. ஆனால் தேசிய நெடுஞ்சாலை அந்தப் பகுதியை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. வீடு ஒரு புறமும் பள்ளி மறு புறமும் அமைந்தால், விரைந்து வரும் வண்டிகளுக்கு இடையே உங்கள் மகள் நாள்தோறும் இரண்டு முறை சாலையைக் கடப்பாள். திருட்டு பயத்தைவிட எனக்கு இந்தப் பயம்தான் பெரிது. நம் ஊர்களில் குழந்தைகளுக்கு நேரும் ஆபத்தைப் பற்றிப் பேசும்போது நாம் அந்நியர்களையே நினைக்கிறோம். பள்ளிக்கு எதிரே உள்ள சர்வீஸ் ரோட்டில் எதிர்த் திசையில் வருகிற வண்டியை நினைப்பதில்லை.

ஆற்காடும் வாலாஜாபேட்டையும் பழமையான, அமைதியான ஊர்கள். வாலாஜாபேட்டை 1866-இலேயே நகராட்சியானது. வாடகையும் வேலூரைவிடக் குறைவு. உங்கள் கணவருக்கு வாலாஜாபேட்டை மிக வசதியாக இருக்கும். உங்களுக்குத்தான் தொல்லை. வேலூரிலிருந்து இரவில் புறப்படும் தொலைதூரப் பேருந்துகளில் பல, ஊருக்குள் வராமல் புறவழிச் சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஊருக்குள் வர ஆட்டோவை எதிர்பார்த்து நிற்க வேண்டும். பகல் பணி மட்டும் உள்ளவராக நீங்கள் இருந்திருந்தால், வாலாஜாபேட்டையைத் தயங்காமல் சொல்லியிருப்பேன். பின்னாளில் பணி நேரம் மாறினால் இதை மீண்டும் எண்ணிப் பாருங்கள். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு ஆற்காடும் வாலாஜாபேட்டையும் ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டன என்பதால், சான்றிதழ், ரேஷன் அட்டை போன்ற வேலைகளுக்கு எந்த மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதும் ஊரைப் பொறுத்து மாறும்.

வேலூர் நகரின் நடுவே, மருத்துவமனையை ஒட்டிய தெருக்களில் வீடு பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் யாராவது சொல்வார்கள். வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கத்திலிருந்தும் நோயாளிகளோடு வருகிறவர்கள் தங்குவதற்காக அங்கே வீடுகளெல்லாம் லாட்ஜுகளாகிவிட்டன. அவர்களால் எந்தத் தீங்கும் இல்லை. வேதனையோடு வந்திருப்பவர்கள் அவர்கள். அங்கே உங்கள் பிள்ளைகளோடு விளையாட இன்னொரு குழந்தை இருக்காது என்பதுதான் என் தயக்கம்.

அடுத்து, இந்தப் பகுதிக்குப் புதிதாக வருகிற எவரும் கேட்கத் தவறும் தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பது. வீடுகளில் புழங்குவது போர்வெல் தண்ணீர். ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் டேனரிகள் என்னும் தோல் பதனிடும் ஆலைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அவற்றின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றிலேயே முக்கியமானது; மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை அது சட்டத்தின் பகுதியாக ஏற்றது. இது தவிர, சிப்காட் பகுதியில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை மலைபோல் குவித்துவிட்டுப் போனது. இவற்றைச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்காக இல்லை. ஒரே ஊரில் ஒரு தெருவின் தண்ணீர் நன்றாகவும் மறு தெருவின் தண்ணீர் குடிக்கத் தகாததாகவும் இருக்கும் என்பதால், ஊரின் பெயரை வைத்து முடிவெடுக்காமல் நீங்கள் பார்க்கும் அந்த வீட்டின் தண்ணீரையே சோதிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக் கொள்ளலாம். கரைந்துள்ள உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீரே இல்லாத நிலையில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். சிப்காட்டுக்கோ டேனரிகளுக்கோ அருகில் வீடு பார்த்தால், குரோமியத்தையும் சோதிக்கும்படி தனியாகக் கேளுங்கள். அதன் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகுமே தவிர, உப்பும் குரோமியமும் போகா. காவிரிக் கூட்டுக் குடிநீர் இணைப்பு அந்தத் தெருவுக்கு உண்டா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, வந்தால் எவ்வளவு நேரம் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.

வறண்ட ஆறு என்று நம்பிக் கரையோரத்தில் வீடு பிடிப்பதும் தவறு. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. அந்த மழையில் நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். வேலூரில் நிக்கல்சன் கால்வாயை ஒட்டிய கன்சால்பேட்டை போன்ற பகுதிகளில் பெருமழைக்கெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். 2021-இல் இங்கே எதுவரை தண்ணீர் வந்தது என்று பக்கத்துக் கடையில் கேட்டால் சுவரிலேயே கைவைத்துக் காட்டுவார்கள். மலையடிவாரத்து வீடுகளுக்குப் பாறை உருளும் அபாயமும் உண்டு. அதுபோல, சித்திரை, வைகாசியில் இங்கே வெயில் நாற்பது டிகிரி செல்சியஸைத் தாண்டும். சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் பகல் வெப்பத்தை இரவிலும் உமிழ்வதால் மேல் தளத்து வீடு உங்கள் மாமியாருக்கு ஒத்துவராது. தரைத்தளமோ, மேலே இன்னொரு தளம் உள்ள வீடோ பாருங்கள்.

இவ்வளவும் பொருந்திய ஒரு வீடு கிடைத்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மருத்துவமனை வாசலிலிருந்து நீங்களே பேருந்து ஏறி அந்த வீடு வரை சென்று பாருங்கள். பகலில் தரகர் வண்டியில் அழைத்துச் சென்று காட்டும் தெருவும் இரவில் நீங்கள் நடக்கும் தெருவும் வேறு வேறு. நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவே டாஸ்மாக் கடை இருக்கிறதா, தெருவிளக்குகள் எரிகின்றனவா, மருந்துக் கடையோ டிபன் கடையோ திறந்திருக்கிறதா, நாய்கள் கூட்டமாகத் துரத்துகின்றனவா என்பதை வேறு எவ்வகையிலும் தெரிந்துகொள்ள முடியாது. தமிழகக் காவல் துறையின் 'காவல் உதவி' செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவசர எண் 112, பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098 ஆகியவற்றை உங்கள் மகளுக்கும் மனப்பாடமாக்குங்கள்.

மகனின் பள்ளியைப் பொறுத்தவரை, கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்கள், நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு உண்டு. தமிழ்நாட்டில் வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் குடும்பம் அதற்குத் தகுதியானால், பள்ளியை முதலில் முடிவு செய்துவிட்டு அதைச் சுற்றி வீடு தேடுவதே முறை.

மனை வாங்குவதை மட்டும் ஓராண்டு தள்ளிப் போடுங்கள். ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் அந்தத் தெருவில் கழித்தபின் வாங்குகிறவருக்கு ஏமாற்றம் குறைவு. வாங்கும்போது வில்லங்கச் சான்றும் பட்டாவும் மனைப்பிரிவு அங்கீகாரமும் பார்ப்பதோடு, அந்த இடம் பழைய ஏரியின் உள்வாயிலோ நீர்வரத்துக் கால்வாயிலோ அமைந்திருக்கிறதா என்பதைக் கிராம வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏரி வற்றியிருக்கும்போது மனையாகத் தெரிவது, நிரம்பும்போது ஏரியாகிவிடும்.

கேள்வி: எனக்குச் சென்னை சென்ட்ரல் அருகில் அலுவலகம். வாரம் ஆறு நாளும் ரயிலில் போய்வருவதாக முடிவு. மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் ஊரில் இருப்பார்கள். அரக்கோணம், வாலாஜா, காட்பாடி மூன்றில் எதில் குடியேறலாம்?
– வாசகர், ஆரணி

பதில்: அரக்கோணம். சென்னையிலிருந்து அரக்கோணம் 69 கிலோமீட்டர், காட்பாடி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். எண்களில் இரு மடங்காகத் தெரிகிற இந்தத் தொலைவு நாள்தோறும் உங்கள் உறக்கத்திலிருந்தே எடுக்கப்படும். அரக்கோணத்திலிருந்து புறநகர் மின்சார ரயில்கள் உண்டு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததில் போகலாம். காட்பாடியிலும் வாலாஜா ரோட்டிலும் நீங்கள் நம்பியிருக்க வேண்டியவை ஏலகிரி எக்ஸ்பிரஸ் போன்ற குறிப்பிட்ட சில ரயில்களே. அவற்றில் ஒன்று தாமதமானால் அன்றைய நாளே கெட்டது. 2021 டிசம்பரில் திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்தில் பழுது கண்டபோது, மேற்கேயிருந்து சென்னைக்கு வந்துபோனவர்கள் தவித்தார்கள், அரக்கோணத்தார் தப்பினார்கள். வாலாஜா ரோடு நிலையம் வாலாஜாபேட்டை ஊரிலிருந்து தள்ளி, அம்மூர்ப் பக்கம் இருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இரவில் அந்த வழியை நீங்கள் தனியாகக் கடக்க வேண்டும்.

அரக்கோணத்தைத் தண்டவாளங்கள் துண்டு துண்டாகப் பிரிக்கின்றன. மழைக் காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். நீங்கள் ஊரில் இல்லாத பன்னிரண்டு மணி நேரமும் பிள்ளைகளை உங்கள் மனைவி ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால், பள்ளி, மருத்துவர், மளிகைக் கடை மூன்றும் வீடு இருக்கும் பக்கத்திலேயே அமைய வேண்டும். ரயில் நிலையம் வேண்டுமானால் சற்றுத் தொலைவாக இருக்கட்டும். அந்த நடை உங்களுடையது. ஆரணியில் உங்கள் உறவினர்கள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அவர்களை விட்டு விலகுவதால் உங்கள் மனைவி இழக்கும் துணையைப் பற்றி, வீடு பார்க்கத் தொடங்குவதற்கு முன் அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: நான் மணமாகாத ஆசிரியை. வேலூர்ப் பள்ளி ஒன்றில் சேர்ந்திருக்கிறேன்; அம்மாவோடு குடியேற வீடு தேடுகிறேன். வீட்டுக்காரர்கள் முதல் கேள்வியாகச் சாதியையும், அடுத்ததாக 'வீட்டில் ஆண் துணை உண்டா' என்பதையும் கேட்கிறார்கள். பாதுகாப்பான இடமாகப் பார்த்தால் வீடு கிடைப்பதில்லை. கிடைக்கிற இடம் பாதுகாப்பாக இல்லை. என்ன செய்வது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: சகோதரி, அந்தக் கேள்விகளைக் கேட்பவர்கள் வெட்கப்பட வேண்டும். உங்கள் தகுதியில் எந்தக் குறையும் இல்லை. சாதி கேட்டுக் கதவைச் சாத்துகிற வீட்டில் எப்படியோ நுழைந்துவிட்டாலும், அங்கே உங்கள் அம்மா நிம்மதியாக மூச்சு விட முடியாது. ஆகவே அந்த வீடுகளைத் தொடர்ந்து கேட்டு மனம் நோகாதீர்கள். தரகர் வழியாகத் தேடுவதைவிடப் பள்ளியில் உங்களுடன் பணிபுரியும் ஆசிரியைகள் வழியாகத் தேடுங்கள். சத்துவாச்சாரி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பிலும் காட்பாடியிலும், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாடகைக்கு இருந்து பழகிவிட்டதால், இப்படிப்பட்ட விசாரணை ஒப்பளவில் குறைவு. அலுவல் காரணமாக வெளியூரில் வாழும் உரிமையாளரின் வீடும் உங்களுக்கு ஏற்றதாக இருக்கலாம். அவர்களுக்கு ஒழுங்காக வாடகை தரும் ஆசிரியை ஒரு வரம்.

வீடு அமைந்தால் வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. விருந்தினர் வரக் கூடாது, இத்தனை மணிக்குள் கதவை அடைத்துவிடுவோம் என்பன போன்ற நிபந்தனைகளை எழுதியிருந்தால், கையெழுத்திடும் முன்பே அடித்துத் தரச் சொல்லுங்கள். வீடு அமையும்வரை தங்குவதற்கு, பணிபுரியும் பெண்களுக்காகத் தமிழக அரசு நடத்தும் 'தோழி' விடுதி வேலூரிலும் இருக்கிறது. அங்கே நீங்கள் இடம் பெற்றுக்கொண்டு, அம்மாவைச் சில மாதங்கள் குடியாத்தத்திலேயே இருக்கச் செய்தால், அவசரத்தில் ஏதோ ஒரு வீட்டை ஒப்புக்கொள்ள வேண்டிய நெருக்கடி உங்களுக்கு வராது.